நெல்லுக்கு வாழ்ந்த நல்லாசிரியர்

வித்து ஒன்று, நாற்று விட்ட நாளும் ஒன்று, நட்ட நாளும் ஒன்று. ஆயினும், ஒரு வயலில் கதிர்கள் முற்றித் தலை சாய்ந்து நிற்கின்றன. அடுத்த வயலிலோ கதிர்கள் நிமிர்ந்தே நிற்கின்றன; கையில் கொண்டு கசக்கிப் பார்த்தால் பதரே மிஞ்சுகின்றது. உழைப்பில் குறைவில்லை, நீரிலும் குறைவில்லை. பின்னர் விளைச்சலைத் தடுத்தது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்காகத் தம் கல்வியையும் பொருளையும் உடல் நலத்தையும் ஒருங்கே ஈந்த பெரியார் ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அவர் கவிஞர், கதையாசிரியர், மண்ணியல் வல்லுநர், பள்ளி ஆசிரியர். அவர் பெயர் மியாசவா கென்ஜி. அந்நாட்டு வழக்கப்படி மியாசவா என்பது குடிப்பெயர். கென்ஜி என்பது இயற்பெயர்.

பிறந்த நாடு

ஜப்பானியத் தீவுகளுள் மிகப் பெரியது ஹொன்ஷு. அதன் வடகிழக்குப் பகுதியில் இவாத்தே என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே கித்தகாமி என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கில் அமைந்த ஹனமகி என்னும் ஊரில், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் கென்ஜி பிறந்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில் எழுந்த பேரலை அம்மாவட்டம் உள்ளிட்ட வடகிழக்குக் கடற்கரை ஊர்களைச் சூறையாடி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு சென்றிருந்தது. குழந்தை பிறந்த சில நாள்களிலேயே நிலநடுக்கம் ஒன்றும் அப்பகுதியை அலைத்தது. துன்பம் மிக்கதோர் ஆண்டில் பிறந்த குழந்தை, பிறர் துன்பத்தையே தன் துன்பமாகக் கொண்டு வளர்ந்தது.

அந்நாட்டு உழவர்க்குப் பேரலையைவிட அடிக்கடி வந்த பகை வேறொன்று உண்டு. நெல் வெப்ப நாட்டுப் பயிர். இவாத்தேயோ பனி மிகுந்த நாடு. வேனிற் காலம் ஒன்றே அங்கே நெல் வளர்வதற்கு உரிய காலம். அவ்வேனிலிலும் சில ஆண்டுகளில் வடகிழக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசும். அதனை அம்மக்கள் யமசே என்பர். அது வீசும்பொழுது மூடுபனி கவியும். கதிரவன் முகம் காட்டான். ஜூலைத் திங்களிலும் குளிர் உடலை நடுக்கும். அத்தகைய ஆண்டில் நெல் விளையாது. ஊரெங்கும் பசி பரவும். 1902, 1905, 1913 ஆகிய ஆண்டுகளில் இக்குளிரால் பெரும் பஞ்சங்கள் விளைந்தன. இவற்றை எல்லாம் கென்ஜி தம் இளமையிலேயே கண்டார்.

அவர்தம் தந்தையார் ஊரில் செல்வர். அடகுக் கடையும் பழந்துணி வாணிகமும் நடத்தியவர். விளைவு பொய்த்த ஆண்டுகளில் உழவர்கள் தம் வீட்டுத் துணிமணிகளையும் கருவிகளையும் கொணர்ந்து அக்கடையில் ஈடு வைத்துச் சில காசுகளைப் பெற்றுச் செல்வர். கடையில் அமர்ந்து இதனைக் காண நேர்ந்த சிறுவர்தம் உள்ளம் நொந்தது. தாம் உண்ணும் சோறும் உடுக்கும் உடையும் ஏழைகளின் துயரிலிருந்து வந்தவை என்னும் எண்ணம் அவரைவிட்டு என்றும் நீங்கவில்லை.

கல்வியும் ஆசிரியப் பணியும்

கென்ஜி சிறுவயது முதலே கற்களைத் திரட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். மலையிலும் ஆற்றங்கரையிலும் திரிந்து கற்களைச் சேர்ப்பார். அதனால் வீட்டார் அவரைக் கல் பிள்ளை என்று அழைத்து மகிழ்ந்தனர். கல்லில் தொடங்கிய விருப்பம் மண்ணில் வந்து முடிந்தது. 1915-ஆம் ஆண்டில் மொரியோகா நகரிலுள்ள வேளாண்மை, வனவியல் உயர்கல்லூரியில் சேர்ந்து மண்ணியல் பயின்றார். மட்கிய பொருள்களில் அடங்கிய தாதுச் சத்துகள் பயிருக்கு எவ்வளவு பயன்படும் என்பதே அவர் எழுதிய ஆய்வுரையின் பொருள். 1918-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றபின், தம் வட்டாரத்து மண்ணை ஊர் ஊராக நடந்து ஆராயும் பணியில் ஈடுபட்டார். அக்கல்லூரியிலேயே துணைப் பேராசிரியர் ஆகும் வாய்ப்பு அவரை நாடி வந்தது. அதனை அவர் ஏற்றிலர்.

1921-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் ஊரிலிருந்த வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். மண், உரம், வானிலை, கணக்கு எனப் பல பாடங்களையும் அவர் கற்பித்தார். ஏட்டை மூடிவிட்டு மாணவரை வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்வது அவர் வழக்கம். பாறை எவ்வாறு மண்ணாயிற்று, மண்ணிலுள்ள சத்து எவ்வாறு வேரில் ஏறுகின்றது என்பனவற்றைக் கண்முன் காட்டி விளக்குவார். 1922-ஆம் ஆண்டில் அவருடைய அன்புத் தங்கை தோஷி 24 வயதில் நோயால் இறந்தார். அத்துயரம் அவர் கவிதைகளில் ஆழப் பதிந்தது. 1924-ஆம் ஆண்டில் ஒரு கவிதை நூலையும் ஒரு கதை நூலையும் வெளியிட்டார். அவற்றை வாங்கிப் படித்தோர் மிகச் சிலரே.

உழவருள் ஒருவர்

நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆசிரியராய் இருந்த பின், கென்ஜியின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. நல்ல உழவராகுக என்று மாணவரை வயலுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மாதச் சம்பளத்தில் நிழலில் வாழ்வது முறையாகுமா என எண்ணினார். 1926-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பணியைத் துறந்தார். ஊர்ப்புறத்தில் ஆற்றை நோக்கி நின்ற சிறிய வீடொன்றில் தனித்து வாழத் தொடங்கினார். தாமே நிலத்தைக் கொத்தினார். தாமே காய்கறி பயிரிட்டார். எளிய உணவு உண்டார். செல்வர் மகன் பொழுதுபோக்காக மண்வெட்டி பிடிக்கின்றான் என்று அயலார் சிலர் நகைத்தனர். அந்நகைப்பு அவரைத் தளர்த்தவில்லை.

அவ்வாண்டிலேயே உழவர்க்கென ஒரு கழகம் அமைத்தார். ராசு சிஜின் கழகம் என்பது அதன் பெயர். இளம் உழவர்கள் அங்கே கூடுவர். மண்ணியலும் பயிர் வளரும் முறையும் அவர்க்கு எளிய நடையில் உரைக்கப்படும். பின்னர் இசைத்தட்டுகளில் மேனாட்டு இசையைக் கேட்பர். உழவர்க்கு உணவோடு கலையும் வேண்டும் என்பது கென்ஜியின் கொள்கை. எனினும், இக்கூட்டங்கள் அரசியல் நோக்கம் உடையனவோ என்று அதிகாரிகள் ஐயுற்றனர். அதனால் கழகத்தின் பணி குன்றியது. ஆனால், அவர் செய்துவந்த மற்றொரு பணி நின்றுவிடவில்லை. அதுவே உரம் பற்றிய அறிவுரைப் பணி.

விளைச்சலைத் தடுப்பவை எவை?

கென்ஜி ஊர்களில் மேசை இட்டு அமர்வார். உழவர் ஒருவர் வந்தால், உரம் இவ்வளவு இடுக என்று உடனே சொல்லிவிடமாட்டார். நிலம் மேடா பள்ளமா, பாய்வது குளிர்ந்த நீரா, மரநிழல் படுகின்றதா, சென்ற ஆண்டு பயிர் சாய்ந்ததா, நோய் கண்டதா என ஒவ்வொன்றாய் வினவுவார். அதன் பின்னரே அந்நிலத்துக்கு உரிய உரத்திட்டத்தைத் தாளில் எழுதித் தருவார். இதற்காக அவர் ஒரு காசும் பெற்றதில்லை. இவ்வாறு அவர் எழுதித் தந்த திட்டங்கள் ஏறத்தாழ 2,000 என்பர்.

இத்தனை வினாக்கள் எதற்கு? மாணவர்கள் இதனைச் சற்று ஆழ்ந்து அறிதல் வேண்டும்.

ஒரு வயலின் விளைச்சல் நான்கு அளவுகளைப் பெருக்கினால் வருவது. குறித்த பரப்பில் நிற்கும் கதிர்களின் எண்ணிக்கை ஒன்று. கதிருக்கு இத்தனை மணி என்பது மற்றொன்று. அம்மணிகளுள் பதராகாமல் முற்றியவற்றின் பங்கு மூன்றாவது. மணியின் எடை நான்காவது. இவை ஒரே நாளில் அமைவன அல்ல. தூர் கட்டும் காலத்தில் கதிர்களின் எண்ணிக்கை அமைகின்றது. தாளுக்குள் இளங்கதிர் உருவாகும் காலத்தில் மணிகளின் எண்ணிக்கை அமைகின்றது. பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மணி முற்றுமா பதராகுமா என்பது பெரும்பாலும் தெளிவாகின்றது. பூத்த பின்பு இலைகள் கதிரவன் ஒளியில் சமைத்துத் தரும் மாவே மணியை நிரப்புகின்றது. இப்பருவங்களுள் ஒன்று கெடினும், மற்றவற்றில் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் பரப்பிய கொள்கை ஒன்று உண்டு. பயிருக்கு வேண்டிய பொருள்களுள் மிகக் குறைவாக உள்ளது எதுவோ, அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கும் என்பது அக்கொள்கை. பலகைகளைச் சேர்த்துச் செய்த ஒரு தொட்டியில் ஒரு பலகை குட்டையாக இருந்தால், நீர் அப்பலகையின் உயரத்துக்குமேல் நில்லாது. மற்றப் பலகைகளை எவ்வளவு உயர்த்தினும் பயன் இல்லை. ஆகவே, குட்டைப் பலகை எதுவெனக் கண்டறிவதே அறிவுடைமை. கென்ஜியின் வினாக்கள் அதனைக் கண்டறியவே எழுந்தன.

இவாத்தேயில் பல நிலங்கள் எரிமலைச் சாம்பலால் ஆனவை. அம்மண் புளிப்புத் தன்மை மிக்கது. அதில் மணிச்சத்தை இட்டாலும், மண்ணிலுள்ள அலுமினியம் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும், வேருக்கு எட்டவிடாது. தழைச்சத்து குறைந்தால் தூர் கட்டாது. அளவுக்கு மிஞ்சினாலோ இலை கருகருவெனத் தழைக்கும். ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழும். தாள் மென்மையுற்றுக் காற்றில் சாயும். குளிர்ந்த ஈரக் காலத்தில் குலைநோய் பற்றும். ஆதலின், மருந்தைப் போல் உரத்தையும் அளந்தே இடுதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேற்பட்ட தடை குளிர். பொதிப் பருவத்தில் மகரந்தம் உருவாகும் நாள்களில், வெப்பம் 17 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கிச் சில நாள் நீடித்தால் மகரந்தம் கெடும். பின்னர் வானம் தெளிந்தாலும் பயன் இல்லை. மணி கட்டாமல் கதிர் பதராகி நிமிர்ந்து நிற்கும். அந்நாள்களில் வயலில் நீரை உயர்த்திக் கட்டினால், காற்றைவிட வெப்பமான நீர் கருக்கதிரைப் போர்வைபோல் ஓரளவு காக்கும். குளிரைத் தாங்கும் வித்தைத் தேர்தல் மற்றொரு வழி. இதற்கெனக் கென்ஜி உழவர்க்குப் பரிந்துரைத்த வித்து ரிகு-உ 132 என்பது. இரண்டு நெல் வகைகளைக் கலப்புச் செய்து, அக்கித்தா மாவட்டத்து ஆய்வுப் பண்ணையில் 1921-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது அது. பழகிய வித்தை விட்டுப் புதியதை ஏற்க உழவர் அஞ்சினர். கென்ஜி ஊர் ஊராகச் சென்று அவர்தம் அச்சத்தைப் போக்கினார்.

வானம் வென்றது

கற்றவர் அறிவுரை எப்பொழுதும் வெற்றியே தரும் என்று எண்ணுதல் தவறு. மண்ணையும் வித்தையும் உரத்தையும் மனிதன் தேர்ந்துகொள்ளலாம். வானத்தைத் தேர்ந்துகொள்ள இயலாது. கென்ஜி நன்கு கணக்கிட்டு எழுதிய திட்டமும், மழையும் குளிரும் தொடர்ந்தால் பயன் தாராது. உரத்துக்குக் கடன் பட்ட உழவர் தம்மை நம்பியே பட்டார் என்னும் நினைவு அவரை உறங்கவிடவில்லை. புயல் மழையிலும் வயல் வயலாக ஓடி, சாய்ந்த பயிரைக் கண்டு உள்ளம் உடைந்தார்.

அவர்தம் உடல் முன்னரே நுரையீரல் நோய்க்கு ஆளானது. 1928-ஆம் ஆண்டின் வேனிலில், பயிர்களின் நிலை குறித்துக் கவலையுற்று ஊர்கள் பலவற்றையும் சுற்றிய கென்ஜி, ஆகஸ்டுத் திங்களில் நோயுற்று வீழ்ந்தார். பெற்றோர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். இரண்டாண்டுகளுக்கு மேல் அவர் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார்.

சற்றே நலமுற்றதும், 1931-ஆம் ஆண்டில் சுண்ணாம்புக் கல்லைப் பொடிசெய்யும் ஆலை ஒன்றில் பணி ஏற்றார். அப்பொடி மண்ணின் புளிப்பை மாற்றும். நீர் கட்டி நிற்கும் நெல்வயலில் நீரே அப்புளிப்பை ஓரளவு தணிக்கும். மேட்டு நிலங்களுக்கோ சுண்ணாம்பு இன்றியமையாதது. மலிந்த விலையில் அஃது உழவர்க்குக் கிடைத்தால் வறண்ட நிலமும் விளைநிலம் ஆகும் என நம்பி, மாதிரிகள் அடங்கிய கனத்த பெட்டியைச் சுமந்து ஊர்தோறும் அலைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் டோக்கியோ நகருக்குச் சென்றவிடத்து மீண்டும் காய்ச்சலால் வீழ்ந்தார். அதே ஆண்டில் வடகிழக்கு நாட்டில் குளிரால் விளைவும் குன்றியது. நோய்ப்படுக்கையில் இருந்தபடியே, நவம்பர் 3-ஆம் நாள், தம் குறிப்பேட்டில் ஒரு சிறு பாடலை எழுதினார். தாம் எத்தகைய மனிதராக விரும்பினார் என்பதை எளிய சொற்களில் கூறும் அப்பாடல், இன்று ஜப்பானியப் பள்ளிச் சிறுவர் பலரும் அறிந்தது.

கதையில் கண்ட வெற்றி

வாழ்வில் வெல்ல இயலாத குளிரைக் கென்ஜி கதையில் வென்றார். 1932-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கதையின் தலைவன் குஸ்கோ பூதோரி. குளிரால் விளைந்த பஞ்சத்தில் பெற்றோரை இழந்த அவன், வளர்ந்து எரிமலைகளை ஆராயும் நிலையத்தில் பணியாளன் ஆகின்றான். மீண்டும் ஒரு குளிர் வேனில் நாட்டை அச்சுறுத்துகின்றது. எரிமலை ஒன்றை வெடிக்கச் செய்தால் கரியமில வாயு காற்றில் கலந்து நாட்டை வெப்பமாக்கும் என்பது அறிஞர் கருத்து. ஆனால், அதனைச் செய்வோருள் ஒருவர் திரும்பி வர இயலாது. பூதோரி தானே அங்குத் தங்குகின்றான். அவன் மாய்கின்றான், நாட்டில் விளைவு பெருகுகின்றது.

கரியமில வாயு வெப்பத்தைத் தேக்கும் என்பது உண்மையே. ஆனால், பெரிய எரிமலை வெடிப்பினால் எழும் கந்தகத் துகள்கள் ஒளியை மறைத்து உலகைச் சில காலம் குளிர்விக்கும் என்பதை இன்று அறிவோம். கதையின் அறிவியல் முற்றும் பொருந்தாவிடினும், அதனை எழுதிய உள்ளத்தின் வேட்கை விளங்குகின்றது.

இறுதி மாலை

1933-ஆம் ஆண்டில் வானம் பொய்க்கவில்லை. நாடெங்கும் நெல் அமோகமாக விளைந்தது. ஹனமகியின் வயல்களும் பொன்னிறம் பூண்டன. செப்டம்பர்த் திங்களில் ஊர்க்கோயில் திருவிழா நிகழ்ந்தது. நோயால் மெலிந்திருந்த கென்ஜி, வாயிலில் நின்று இறைவன் பல்லக்கு வருவதைக் கண்டு மகிழ்ந்தார். மறுநாளே அவர் நிலை மோசமாயிற்று.

செப்டம்பர் 20-ஆம் நாள் மாலை உழவர் ஒருவர் உரம் பற்றி வினவ வந்தார். உள்ளே இருப்பவர் எந்நிலையில் இருக்கின்றார் என்பதை அவர் அறியார். வீட்டார் தயங்கினர். கென்ஜியோ படுக்கையினின்றும் எழுந்து, உடை மாற்றி, வாயிலுக்கு வந்து முறைப்படி அமர்ந்தார். உழவர் தம் வயலைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கென்ஜி இடைமறிக்கவில்லை, விரைவுபடுத்தவில்லை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொறுமையோடு கேட்டு விடை கூறினார். வீட்டார் உள்ளே மனம் பதைத்திருந்தனர். மறுநாள் நண்பகலுக்குப் பின் அவர் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 37. தாம் போற்றிய பௌத்த மறைநூலை ஆயிரம் படிகள் அச்சிட்டு வழங்குமாறு தந்தையாரிடம் வேண்டியதே அவர்தம் இறுதி விருப்பம்.

பின் வந்த புகழ்

அடுத்த ஆண்டாகிய 1934-இல் கொடிய குளிர் மீண்டும் வந்தது. அப்பொழுது மற்றப் பல வகைகளைவிட ரிகு-உ 132 நன்கு தாங்கியது. வடகிழக்கு நாடெங்கும் பரவியது. அதன் வழியில் தோன்றியதே கொஷிஹிகாரி என்னும் புகழ்பெற்ற நெல். கென்ஜி எழுதி வைத்த கதைகளும் கவிதைகளும் அவர் மறைந்த பின்னர் ஒவ்வொன்றாய் அச்சேறின. ஹனமகியில் 1982-ஆம் ஆண்டில் அவர் பெயரால் நினைவு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

எனினும், அவரை வாட்டிய வினா இன்னும் முடிந்துவிடவில்லை. 1993-ஆம் ஆண்டின் குளிர் வேனிலில் ஜப்பானின் நெல் விளைச்சல் வழக்கமான அளவில் முக்கால் பங்காகக் குறைந்தது. அந்நாடு அயல்நாட்டு அரிசியை நாட நேர்ந்தது. குளிரைப் போலவே மிகு வெப்பமும் நெல்லுக்குப் பகையாகும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் அப்பொழுதும் மணி பதராகும். உலகு வெப்பமுறும் இந்நாளில் நெல்லாய்வோர் இத்தடையோடு போராடி வருகின்றனர்.

மாணவர்களே, கென்ஜி பெரும் விளைச்சல் கண்டு புகழ் பெற்றவர் அல்லர். அவர் எழுதிய திட்டங்களுள் வானத்தால் தோற்றவையும் உண்டு. ஆயினும், ஒவ்வொரு வயலிலும் குறைவாக உள்ளது எது என்று பொறுமையோடு தேடினார். அவர் நாட்டு உழவர்க்கு மண்ணிலும் உரத்திலும் இருந்த குறைகளோடு, கற்றவர் அருகில் வந்து அவர்தம் சொல்லைக் கேளாத குறையும் இருந்தது. அக்குறையைத் தம் இறுதி மாலை வரையில் அவர் நிறைவு செய்தார். கல்வி கற்கும் நாமும், நம் ஊரில் குறைவாக உள்ளது எதுவெனக் கண்டு, அதனை நிறைவு செய்ய முயல்வோமாக.